அமிர்தசாமி அண்ணனுக்குச் சொல்லாமல் விட்டவை

ஜனவரி 12, 2025 – ஞாயிறு

இன்று ஒரு மனுஷரை உயிரோடு பரலோகத்துக்கு அனுப்பி வைத்தேன்.

ஆறரைப் பூசைக்கு முன்னால் வழக்கம்போல நான்தான் யார் யாருக்காகப் பூசை என்ற கருத்துகளை வாசித்தேன். உபதேசியார் அருள்ராஜ் எழுதித் தரும் தாளில் மேல்பாதி நன்றி சொல்லக் கேட்டவர்கள் பெயர், கீழ்ப்பாதி இறந்தவர்கள் பெயர். மேலே கடைசியில் இருந்த பெயரைக் கீழே இருக்கிறவர்களோடு சேர்த்து வாசித்துவிட்டேன். “ஆன்ம இளைப்பாற்றிக்காக, தென்னூர் அமிர்தசாமி.”

மூன்றாவது பெஞ்சிலிருந்து அமிர்தசாமி அண்ணன் எழுந்து நின்று கையைத் தூக்கினார். “உள்ளேன் ஐயா!”

முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்தவர், வேறு எப்படிச் சொல்வார்! கோயிலே சிரித்தது. ஃபாதர் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்குவது பின்னாலிருந்து நன்றாகத் தெரிந்தது. பூசை முடிந்ததும் அண்ணன் நேராக என்னிடம் வந்தார். “என்னம்மா லிசி, பென்ஷனுக்கு லைஃப் சர்டிஃபிகேட் இப்பத்தான் குடுத்தேன். அதுக்குள்ள அவசரப்பட்டுட்டியே.”

அவர் மனைவி டோரதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரித்தால்தான் அதிசயம். எட்டாம் வகுப்பிலிருந்து என் தோழி. நான் எவ்வளவு கோணங்கித்தனம் பண்ணினாலும் “போதும்டி” என்பதோடு சரி.

எப்படித் தப்பு வந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் அருள்ராஜ் கையெழுத்து சரியில்லை என்றேன். பொய். கண்ணாடி கைப்பையில் கிடந்தது. பூசை யூடியூபில் லைவ் போகிறது, கண்ணாடி போட்டால் வயசு தெரிகிறது. அறுபத்திரண்டு வயசு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? “டெலிபோன் ஆபீஸ்ல முப்பது வருஷம் குரலை வெச்சுப் பொழச்ச. இப்ப மூஞ்சியைப் பத்தி என்ன கவலை?” என்கிறார் என் வீட்டுக்காரர் ஜேக்கப். வீட்டுக்காரர் கேட்கிற கேள்வியா இது?

ஜனவரி 14 – செவ்வாய்

கோயில் வளாகத்தில் பொங்கல். “நல்லாயிருக்கீங்களா சார்?” என்று யார் கேட்டாலும் அண்ணன், “லிசியைக் கேளுங்க, அவதான் என் கணக்கை முடிச்சா” என்கிறார். நான் அந்த வீடியோத் துண்டை எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். தெருவில் இருக்கிற இருபது குடும்பமும் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை அனுப்பியிருக்கிறது. டோரதியிடமிருந்து ஒன்றும் இல்லை. பார்த்ததற்கான நீல டிக் மட்டும்.

பிப்ரவரி 2 – ஞாயிறு

இந்த மாத அன்பியம் கூட்டம் எங்கள் வீட்டில். வாசகம், மன்றாட்டு, கடைசியில் கேசரி. அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, டோரதி அவர் பக்கம் கேசரித் தட்டை வரவே விடவில்லை. கேசரிக்கு அப்புறம் ஒரு கூத்து. அண்ணன் எங்கள் சோபாவில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் தலைமாட்டில் நின்று ஒப்பாரி வைத்தேன். “பெஞ்சைத் தேய்ச்சீரே, பிரசங்கத்துல தூங்கினீரே, காணிக்கைத் தட்டு வரும்போது மட்டும் கண் முழிச்சு ஜெபம் பண்ணினீரே…” நடுவில் பிணம் ஒரு கண்ணைத் திறந்து, “கேசரி இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்றது. ஜேக்கப்பே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கிறதாவது!

டோரதி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். போய்ப் பார்த்தால் ஏற்கெனவே கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். “தலைவலியாடி?” என்றேன். “ம்” என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

மார்ச் 5 – சாம்பல் புதன்

எழுதவே கை வரவில்லை.

அண்ணனுக்கு வயிற்றில் புற்றுநோய். டிசம்பரிலிருந்தே வலி. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே டோரதி, நல்லபடியாகத்தான் வரும் என்று நம்பி, நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெயர். அந்தப் பெயரைத்தான் நான் எடுத்து இறந்தவர்களோடு வைத்தேன். மறுநாள் திங்கட்கிழமை ரிசல்ட் வந்திருக்கிறது.

அப்படியென்றால் பொங்கலன்று ரெண்டு பேருக்கும் தெரியும். எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக் கண்ணை மூடியபோது அவருக்குத் தெரியும். நான் ஒப்பாரி வைக்கிறேன், அவருக்குத் தெரியும்! ஐயோ ஆண்டவரே, நான் என்ன பொம்பளை!

நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு திரும்பும்போது டோரதி எதிரே வந்தாள். என்னைத் தாண்டிப் போய்விட்டாள். பார்க்காமல் போகவில்லை. பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மார்ச் 8 – சனி

பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். கண்ணாடி, பொய், வீடியோ, ஒப்பாரி, எல்லாம் சொன்னேன்.  ஃபாதர், “அன்னிக்கு நானும்தாம்மா சிரிச்சேன்” என்றார். அபராதம் என்ன ஃபாதர் என்றேன். “அவரைப் போய்ப் பாருங்க. அடிக்கடி பாருங்க.”

அது போதாது என்று தோன்றியது. இனிமேல் பீடத்தில் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுப் பேச்சும் வேண்டாம். இந்த வாய்தான் எல்லாத்துக்கும் காரணம், இதை மூடி வைத்தாலே பாதிப் பரிகாரம்.

அருள்ராஜிடமும் போய், உங்க கையெழுத்துல ஒரு கோளாறும் இல்ல, என் கண்ணுலதான் என்றேன். “தெரியுங்கம்மா. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்” என்றார்.

மார்ச் 22 – சனி

ஆபரேஷன் முடிந்து அண்ணனை ஸ்ரீரங்கத்தில் மகன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கீழ்த்தளம், மாடி ஏற வேண்டாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் போனேன். வழியெல்லாம் ஜெபமாலை.

ஆள் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, அதை நான் பார்க்காமல் இல்லை. “வாம்மா லிசி. இந்த ஊருக்கு வந்ததுலருந்துதான் எனக்கு மரியாதை. இங்க படுத்துக்கிட்டே இருக்கிறவருக்குத்தான் இத்தனை பெரிய கோபுரமும் இத்தனை கூட்டமும்” என்றார்.

என்ன அருமையான ஜோக்! பழைய லிசியாக இருந்தால், உங்களை ஏழு பிராகாரம் தாண்டி வந்து பார்க்க வேண்டாம், அந்த மட்டும் சௌகரியம் என்று சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன். “உடம்பைப் பாத்துக்கங்க அண்ணே, எல்லாரும் ஜெபிக்கிறோம்” என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெபமாலையை எடுத்து ஐந்து காரணிக்கமும் ஒரு மணி விடாமல் சொன்னேன். டோரதி காபி கொடுத்தாள், பேசவில்லை.

கிளம்பும்போது அண்ணன் கேட்டார். “என்னம்மா, நிஜமாவே நான் செத்துப்போயிட்டேனா?”

அழுதுகொண்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன்.

ஏப்ரல் 13 – குருத்து ஞாயிறு

பவனி தென்னூர் மெயின் ரோட்டுக்கு வந்தபோது ஒரு பசு மாடு ஜேக்கப் கையிலிருந்த குருத்தோலையைப் பின்னாலிருந்து இழுத்தது. இவர் விடவில்லை, அதுவும் விடவில்லை. ஓசன்னா பாடிக்கொண்டே ரெண்டு பேரும் இழுத்தார்கள். கடைசியில் மாடு ஜெயித்தது. அதோடு விட்டதா? கோயில் வாசல் வரைக்கும் பவனியோடேயே வந்தது. “ஆண்டவர் கழுதை மேல போனாருங்க. நம்ம பங்குக்கு மாடுதான் அமைஞ்சிருக்கு” என்றார் அருள்ராஜ்.

அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லலாம் என்று எடுத்தேன். வைத்துவிட்டேன். உயிருக்குப் போராடுகிற மனுஷரிடம் மாட்டுக் கதையா?

ஏப்ரல் 17 – பெரிய வியாழன்

இதை எங்கேயாவது எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். ஃபாதர் பாதம் கழுவுகிற பன்னிரண்டு பேரில் பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டயரான ஆசீரும் ஒருவர். அந்தக் கடுகடு முகத்துக்காரர். ஃபாதர் குனிந்து அவர் செருப்பைக் கழற்றினால், பத்து விரலிலும் ரோஸ் நகப்பூச்சு! மத்தியானம் தூங்கும்போது பேத்தி போட்டுவிட்டிருக்கிறாள், மனுஷர் கவனிக்கவில்லை. ஃபாதர் ஒன்றும் சொல்லாமல் கழுவித் துடைத்து உதட்டைப் பதித்து முத்தி செய்தார். ஆசீர் முகம் நகத்தைவிட ரோஸ்.

அண்ணன் கேட்டிருந்தால் கட்டிலை விட்டு உருண்டிருப்பார். அடி லிசி, சும்மா இரு. தவக்காலம்.

ஏப்ரல் 20 – ஈஸ்டர்

அண்ணனே போன் பண்ணினார். குரல் மெலிந்திருந்தது. “ஈஸ்டர் வாழ்த்தும்மா. அப்புறம்… நம்ம பங்குல என்ன விசேஷம்? ஏதாவது சொல்லேன்.”

“ஒண்ணும் இல்ல அண்ணே. உங்களுக்காகத்தான் விடாம ஜெபிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“அதை எல்லாரும் பண்றாங்கம்மா” என்றார். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. முப்பது வருஷம் லைனில் உட்கார்ந்தவள் நான். ஒரு ஆள் எதற்குக் காத்திருக்கிறார் என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன். சொல்லத் தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டையும் சொல்லவில்லை, நகப்பூச்சையும் சொல்லவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

மே 24 – சனி

ஸ்ரீரங்கம். ஜெபமாலை, இறைஇரக்கச் செபம், காபி. டோரதி பேசவில்லை.

வீட்டுக்கு வந்து ஜேக்கப்பிடம் சொன்னேன், இன்னும் அவ மனசு இறங்கலைங்க என்று. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நீ அங்க போய் யார் மாதிரி உக்காந்திருக்க?” என்றார். என்ன கேள்வி இது என்றேன். “தெரியல. நம்ம வீட்லகூட ரெண்டு மாசமா யாரோ ஒரு அம்மாதான் இருக்காங்க” என்றார். கோபம் வந்தது. நாலு நாள் பேசக்கூடாது என்று முடிவு பண்ணியிருக்கிறேன்.

ஜூலை 5 – சனி

மருந்து கேட்கவில்லையாம். டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நான் உள்ளே போனபோது அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெபமாலையை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று மெதுவாகச் சொன்னேன். முடித்துவிட்டு வாசலில் செருப்பு போடும்போது திரும்பிப் பார்த்தால், கண் திறந்திருந்தது.

தூங்கவில்லை. நான் முடிக்கட்டும் என்று இருந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 19 – செவ்வாய்

விடியற்காலையில் அண்ணன் போய்விட்டார்.

ஆகஸ்ட் 20 – புதன்

அடக்கம் முடிந்தது. அவரிடம் படித்தவர்கள் நூறு பேருக்கு மேல் வந்தார்கள். நெற்றியில் நாமத்தோடு ஸ்ரீரங்கத்து ஆள் ஒருவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விசும்பி விசும்பி அழுதார். “சார் அடிச்சதைவிடச் சிரிக்க வெச்சதுதான் ஜாஸ்தி” என்றார்.

என்னை வாசிக்கச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன்.

டோரதி அழவே இல்லை. நான் கையைப் பிடித்தேன். உருவிக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

செப்டம்பர் 17 – புதன்

முப்பதாம் நாள் பூசை. டோரதி தென்னூர் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். சாப்பாடு பரிமாறி எல்லாரும் போன பிறகு, “நீ இரு” என்றாள். ஆறு மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

திட்டப் போகிறாள் என்று நான் முந்திக்கொண்டேன். எல்லாத்தையும் கொட்டினேன். “கண்ணாடி பையிலதான்டி இருந்துச்சு. வீடியோல அழகா தெரியணும்னு போடல. அருள்ராஜ் மேல பழியைப் போட்டேன். நீ நம்பிக் குடுத்த பேரை நான்…”

“கண்ணாடி விஷயம் தெரியும்” என்றாள் டோரதி. “காந்தி மார்க்கெட் பஸ்னு நெனச்சு நீ என்னை எத்தனை தடவை ஏர்போர்ட் பஸ்ல ஏத்திவிட்டிருக்க. நான் அதுக்குக் கோவப்படல.”

“பின்ன?”

அவள் சேலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். “டிசம்பர் பூரா அவர் சிரிக்கல லிசி. வலி. பயம். நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்தேன். எனக்கு அதெல்லாம் வராது, உனக்குத் தெரியும். அன்னிக்குக் கோயில்ல நீ தப்பா படிச்ச. கையைத் தூக்கி நின்னாரு பாரு… வீட்டுக்கு வந்தும் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. மறுநாள் ரிசல்ட் வந்து, அன்னிக்குச் சாயங்காலமும் அதையே சொல்லிச் சிரிச்சாரு. நாப்பது வருஷம் கூட இருந்த என்னால முடியல. நீ தப்பா படிச்சே முடிச்சிட்ட. எனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான்டி. உன் முகத்தைப் பார்த்தாலே வயிறு எரிஞ்சுது.”

அவள் தலைப்பை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“சரி, அவருக்கு நீ வந்தா நல்லதுன்னு என் வயித்தெரிச்சலை அடக்கிக்கிட்டு உனக்குக் காபி போட்டேன். சனிக்கிழமை காலையிலயே கேப்பாரு, லிசி வருவாளான்னு. தலை வாரிவிடச் சொல்லுவாரு. நீ என்னடான்னா வந்து உக்காந்து ஜெபமாலையை உருட்டிட்டுப் போன. ஜெபம் பண்ண நான் இல்லையா? மாதா சபையே வந்து போச்சே! அவர் கேட்டது உன்னை. ஒரு நாள் என்கிட்ட சொன்னாரு, ‘லிசிகூட என்னைப் பொணமாத்தான் பாக்கறா’ன்னு.”

டோரதி அழ ஆரம்பித்தாள். முப்பது நாளுக்கு அப்புறம் இப்போதுதான் அழுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னால் அழக்கூட முடியவில்லை.

செப்டம்பர் 18 – வியாழன்

எது பாவம் என்று நானே முடிவு பண்ணி, அதற்குப் பரிகாரமும் நானே வகுத்து, அதை அவர் தலையில் கட்டினேன். ஃபாதர் போய்ப் பார் என்றார், பார்த்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள் என்று சொன்னாரா? ஜேக்கப் கேட்டார், கோபித்துக்கொண்டேன். அண்ணன் வாய்விட்டே கேட்டார், ஏதாவது சொல்லேன் என்று. ஒரு மாட்டுக் கதை. ரெண்டு நிமிஷம் ஆகுமா? கஞ்சப் பிசினாறி மாதிரி அதைக்கூடக் கொடுக்கவில்லை. மனசுக்குள்ளே எவ்வளவு பெருமை எனக்கு, எவ்வளவு அடக்கமாக இருக்கிறேன் என்று! தூ.

அக்டோபர் 5 – ஞாயிறு

ஃபாதரிடம் சொல்லிவிட்டு மறுபடி வாசித்தேன். கண்ணாடியோடு.

நவம்பர் 2 – ஞாயிறு, கல்லறைத் திருநாள்

சாயங்காலம் டோரதியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நிற்க இடமில்லை. பூ, மெழுகுவத்தி, ஊதுவத்திப் புகை. பக்கத்துக் கல்லறைக் குடும்பம் டிபன் டப்பாவைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் செவ்வந்தி வைத்து மெழுகுவத்தி ஏற்றினோம். ஃபாதர் வரிசையாக ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார், அருள்ராஜ் தீர்த்த வாளியோடு பின்னாலேயே. அண்ணன் கல்லறைக்கும் மூன்று தடவை தெளித்துவிட்டு நகர்ந்தார்கள்.

“அவர்கிட்ட ஏதாவது பேசு” என்றாள் டோரதி.

நான் முட்டி போட்டேன். “மன்னிச்சிருங்க அண்ணே” என்று ஆரம்பித்தேன்.

“அதை விடு. அதைத்தான் வாரா வாரம் சொல்ற.”

வேறு என்ன சொல்ல? சற்று முன்னால் பார்த்தது ஞாபகம் வந்தது. சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். சொல்லிவிட்டேன்.

“அண்ணே, இப்ப உங்க மேல தெளிச்சது தீர்த்தம் இல்ல. ரெண்டு வரிசைக்கு முன்னாடியே வாளி காலியாயிடுச்சு. அருள்ராஜ் அவசரத்துல ஒரு குடும்பத்துக்கிட்ட தண்ணி பாட்டில் வாங்கி ஊத்துனாரு. வாளியில புஸ்ஸுனு நுரை வந்துச்சு. கலர் இல்லாத இனிப்புச் சோடா அண்ணே. ஃபாதர் கவனிக்கவே இல்ல, பக்தியா ஜெபம் சொல்லி அதையும் மந்திரிச்சாரு. முன்னால நின்ன பெரியவர் ஒதட்டுல பட்டதை நக்கிப் பாத்துட்டு, இன்னொரு தடவை தெளிங்க ஃபாதர்ங்கறாரு.”

டோரதி என்னைப் பார்த்தாள். குனிந்து கல்லைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள். “பாவி மனுஷா” என்றாள் கல்லைப் பார்த்து. “இருபது வருஷம் சக்கரையை உங்க கண்ணுல காட்டாம வெச்சிருந்தேன். இங்க வந்து படுத்துக்கிட்டு வாங்கிச் சாப்பிடறீங்களா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். டோரதி! முதலில் சத்தம் இல்லாமல், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய. நானும் சிரித்தேன். புளிசாதக் குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. எட்டாம் வகுப்பிலிருந்து பழக்கம், இவளுக்கு இப்படிச் சிரிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

அந்த ஸ்ரீரங்கத்து அறையில் நான் ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சனிக்கிழமை வாயைத் திறந்திருக்கலாம். ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள்.